நீராவிக் கொதிகலனின் நீர்மட்டக் கண்ணாடி: பராமரிப்பும் பாதுகாப்பும்

நெல் அவிக்கும் ஆலை, சாயப்பட்டறை, சர்க்கரை ஆலை, பால் பதனிடும் நிலையம், பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடம் ஆகிய இவை யாவும் நீராவியை நம்பி நடப்பவை. அந்நீராவியைத் தரும் கொதிகலனோ எல்லாப் பக்கமும் மூடப்பட்ட எஃகுப் பாத்திரம். அதனுள் நீர் எவ்வளவு உள்ளது என்பதை வெளியில் நிற்பவர் தம் கண்ணால் நேரே காண்பதற்கு உள்ள வழி, அதன் முகப்பில் செங்குத்தாகப் பொருத்தப்பட்டிருக்கும் ஒரு முழ நீளக் கண்ணாடிதான். அழுத்தமானி ஒரு முள்ளின் வாயிலாகச் செய்தி சொல்கிறது. பாதுகாப்பு வால்வு, அழுத்தம் எல்லையைத் தாண்டிய பிறகே குரல் கொடுக்கிறது. நீர்மட்டக் கண்ணாடி மட்டுமே நீரையே காட்டுகிறது.

கொதிகலனின் மொத்த விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை மிக அற்பம். அதனால்தான் போலும், பல ஆலைகளில் இது உடைந்தால் மாற்றப்பட வேண்டிய ஒரு சில்லறை உதிரிப் பொருளாகவே கருதப்படுகிறது. ஆனால் உடைந்த கண்ணாடி தன் குறையைத் தானே அறிவித்துவிடும். உடையாமல், துடைத்த பளபளப்போடு நின்றுகொண்டு, கொதிகலனில் இல்லாத நீரை இருப்பதாகக் காட்டும் கண்ணாடியே அஞ்சத்தக்கது. நீர்மட்டக் கண்ணாடியைப் பராமரிப்பதன் முதல் நோக்கம் இத்தகைய பொய்த் தோற்றத்துக்கு இடம் தராதிருப்பதே ஆகும்.

நீர் குறைந்தால் நேர்வது

கொதிகலனின் உலைக்குழாயின் ஒரு புறம் தீயும் மறுபுறம் நீரும் உள்ளன. தீயின் வெப்பம் எவ்வளவு கடுமையாக இருப்பினும், எஃகின் மறுபுறத்தை நீர் தொட்டுக்கொண்டிருக்கும் வரையில் அது வெப்பத்தை உடனுக்குடன் வாங்கிக்கொள்கிறது. எஃகின் வெப்பநிலை நீரின் கொதிநிலையைவிடச் சிறிதே கூடுதலாக நிற்கும். சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோகிராம் அழுத்தத்தில் இயங்கும் கொதிகலனில் நீர் கொதிப்பது சுமார் 183 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில். எஃகு இவ்வெப்பத்தை எளிதாகத் தாங்கும்.

நீர்மட்டம் இறங்கி, உலைக்குழாயின் மேல்வளைவு நீருக்கு வெளியே தெரியத் தொடங்கினால் நிலைமை சில நிமிடங்களில் மாறிவிடுகிறது. நீராவியால் நீரைப் போல் வெப்பத்தை ஏற்க இயலாது. எஃகு செந்நிறத்தை நோக்கிச் சூடேறுகிறது. சாதாரணக் கார்பன் எஃகு 450, 500 டிகிரியைத் தாண்டும்போது தன் வலிமையைப் பெருமளவு இழந்துவிடும். உள்ளிருக்கும் அழுத்தமோ குறைவதில்லை. வலுவிழந்த வளைவு உட்புறமாக மடங்குகிறது. சில வேளைகளில் கிழிந்தும் விடுகிறது.

கிழிந்தால் வெளிப்படுவது நீராவி மட்டுமன்று. மேற்கூறிய அழுத்தத்தில் உள்ள வெந்நீர் திடீரெனத் திறந்த வெளிக்கு வந்தால், அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அக்கணமே ஆவியாகிவிடும். ஒரு டன் நீரிலிருந்து இவ்வாறு கிளம்பும் ஆவி சுமார் 160 கிலோகிராம். அதன் கன அளவு 260 கன மீட்டருக்கும் அதிகம். அதாவது பத்து மீட்டர் நீளமும் ஒன்பது மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள கூடத்தை அது நிரப்பிவிடும். சிறு கொதிகலன்கூடக் கட்டடத்தின் சுவரையும் கூரையையும் பெயர்த்துவிடுவது இதனால்தான்.

நீர் மிகுதியாவதும் தீங்கே. நீராவியோடு நீர்த்துளிகள் அடித்துச் செல்லப்பட்டு, குழாய்களில் சம்மட்டி அடிபோன்ற அதிர்ச்சியை உண்டாக்கும். எனினும் உயிருக்கு உடனடி அபாயம் நீர் குறைவதில்தான் உள்ளது.

சட்டம் பிறந்த கதை

இந்தியாவில் கொதிகலன்களை அரசு மேற்பார்வையிடத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு விபத்து. 1863-ம் ஆண்டில் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் உயிரிழந்தனர். அதன் விளைவாக, கல்கத்தா நகரிலும் அதன் புறநகர்களிலும் உள்ள கொதிகலன்களைச் சோதிக்க வழி செய்யும் சட்டம் 1864-ம் ஆண்டில் வங்காளத்தில் இயற்றப்பட்டது. பின்னர் பிற மாகாணங்களும் தத்தம் சட்டங்களைச் செய்துகொண்டன. இவை ஒன்றோடொன்று பொருந்தாமல் குழப்பம் விளைவித்ததால், நாடு முழுமைக்கும் பொதுவான இந்தியக் கொதிகலன் சட்டம் 1923-ம் ஆண்டில் வந்தது. அதன் கீழ் 1950-ம் ஆண்டில் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகள் வகுக்கப்பட்டன. நூறாண்டு நடைமுறையில் இருந்த அச்சட்டத்துக்குப் பதிலாக 2025-ம் ஆண்டில் நாடாளுமன்றம் புதிய கொதிகலன் சட்டத்தை நிறைவேற்றியது.

1950-ம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஒவ்வொரு கொதிகலனுக்கும் நீர்மட்டத்தைக் காட்டும் சாதனங்கள் இரண்டு இருக்க வேண்டுமென விதித்தன. ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும் என்பது இதன் நோக்கங்களுள் ஒன்றே. ஒன்று கூறுவதை மற்றொன்றைக் கொண்டு சரிபார்ப்பது அதனினும் முக்கியமான நோக்கம். ஒரு கண்ணாடியை நிரந்தரமாக அடைத்து வைத்துவிட்டு, மற்றதை மட்டும் நம்பி இயங்கும் ஆலையில் இரண்டாவது நோக்கம் முற்றிலும் வீணாகிறது. ஆய்வாளர் கொதிகலனைச் சோதித்துச் சான்றிதழ் வழங்குவது பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை. எஞ்சிய நாட்களில் அந்தக் கண்ணாடியின் முன் நிற்பவர் தகுதிச் சான்று பெற்ற கொதிகலன் பணியாளரே.

கண்ணாடி பொய்க்கும் விதம்

நீர்மட்டக் கண்ணாடி செயல்படும் தத்துவம் மிக எளியது. கண்ணாடிக் குழாயின் மேல்முனை கொதிகலனின் நீராவிப் பகுதியோடும், கீழ்முனை நீர்ப் பகுதியோடும் இணைக்கப்பட்டுள்ளன. இரு புறமும் ஒரே அழுத்தம் நிலவுவதால், கொதிகலனுள் உள்ள மட்டத்துக்கே கண்ணாடியிலும் நீர் நிற்கிறது. மேலே நீராவி வால்வு, கீழே நீர் வால்வு, அதற்கும் கீழே வடிகால் வால்வு என மூன்று வால்வுகள் உண்டு. ஆலைத் தொழிலாளர் இவற்றைக் காக் என்றே வழங்குவர்.

இரு வழிகளும் தடையின்றித் திறந்திருக்கும் வரையில்தான் இத்தத்துவம் செல்லும். நீராவி வழி அடைபட்டதாகக் கொள்வோம். கண்ணாடியின் மேற்பகுதியில் சிறைப்பட்ட நீராவி, வெளிக்காற்றின் குளிர்ச்சியால் நீராகச் சுருங்குகிறது. அங்கு அழுத்தம் குறைகிறது. கீழிருந்து நீர் மேலேறி அவ்விடத்தை நிரப்புகிறது. கொதிகலனில் நீர் குறைந்துகொண்டிருக்கும் வேளையிலும் கண்ணாடி நிறைந்து காணப்படும்.

இனி, நீர் வழி அடைபட்டால்? மேலிருந்து வரும் நீராவி கண்ணாடியின் சுவரில் குளிர்ந்து நீராகிச் சொட்டுகிறது. வழக்கமாக இது கீழ்வழியே கொதிகலனுக்குத் திரும்பிவிடும். வழி அடைபட்டிருப்பதால் திரும்ப இயலாமல் கண்ணாடியிலேயே தங்கி, மட்டம் மெல்ல மெல்ல உயர்கிறது. இங்கும் கண்ணாடி காட்டுவது மிகுதியான நீரையே.

அடைப்பு மேலே நேர்ந்தாலும் கீழே நேர்ந்தாலும் பிழை ஒரே திசையில் செல்கிறது என்பதே இச்சாதனத்தைப் பற்றி மாணவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி. மேல் இணைப்பில் நீராவி கசிந்தாலும் இதே விளைவுதான். அங்கு அழுத்தம் சற்றுக் குறைந்து, நீர் உயர்ந்து தோன்றும். கீழ் இணைப்பில் கசிந்தால் மட்டம் தாழ்ந்து தோன்றும். அது தொல்லையே எனினும் உயிருக்கு ஊறு செய்வதன்று.

பாதுகாப்பான பக்கத்தில் நேரும் பிழை இன்னொன்றும் உண்டு. கண்ணாடியில் உள்ள நீர், கொதிகலனுள் உள்ள நீரைவிடக் குளிர்ந்தது. ஆகவே அடர்த்தி கூடியது. 10 கிலோகிராம் அழுத்தத்தில் கீழ் இணைப்புக்கு மேல் கொதிகலனுள் 200 மில்லிமீட்டர் நீர் இருந்தால், கண்ணாடி சுமார் 185 மில்லிமீட்டரே காட்டும். மின்நிலையங்களின் உயர் அழுத்தக் கொதிகலன்களில் இவ்வேறுபாடு மிகவும் பெரிது. அங்கு இதைக் கணக்கிட்டே மட்டத்தை மதிப்பிடுகின்றனர்.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் நீரின் தன்மையே. நம் நாட்டின் பல பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினமானது. மென்மையூட்டும் சாதனம் பழுதுபட்டு, கடின நீர் அப்படியே கொதிகலனுக்குள் சென்றால், சுண்ணாம்புப் படிவும் சேறும் முதலில் தங்கும் இடங்களுள் ஒன்று நீர் வால்வின் குறுகிய துளை. அங்கு ஓட்டம் மிகவும் மந்தமானது என்பதே காரணம். மற்றொரு காரணம் மனிதர் கைவினை: கண்ணாடியின் முனையில் இடப்படும் ரப்பர் வளையத்தை அளவுமீறி இறுக்கினால், அது பிதுங்கிக் குழாயின் வாயை மூடிவிடும். கசிவை நிறுத்தும் ஆர்வத்தில் செய்த வேலை கண்ணாடியைக் குருடாக்கிவிடுகிறது.

ஊதிச் சோதித்தல்

ஆகவே கண்ணாடி காட்டும் மட்டத்தை அப்படியே ஏற்காமல், அது உண்மை கூறுகிறதா என்பதை அதனிடமே கேட்டறிய வேண்டும். அதற்கான முறையே ஊதிச் சோதித்தல். ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் இரண்டு கண்ணாடிகளையும் தனித்தனியே இவ்வாறு சோதிப்பது நல்ல வழக்கம்.

முதலில் நீர் வால்வை மூடி, வடிகால் வால்வைத் திறக்க வேண்டும். நீராவி சீறிக்கொண்டு வெளிவந்தால் நீராவி வழி திறந்துள்ளது. ஐந்து விநாடி போதும். அதற்கு மேல் நீராவியை ஓடவிட்டால் கண்ணாடிதான் தேயும். பிறகு வடிகாலை மூடி நீர் வால்வைத் திறந்தால், நீர் விரைந்து எழுந்து தன் பழைய மட்டத்தில் நிற்க வேண்டும். மந்தமாக ஊர்ந்து வந்தால் நீர் வழியில் அடைப்பு தொடங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்து நீராவி வால்வை மூடி, வடிகாலை மீண்டும் ஐந்து விநாடி திறக்க வேண்டும். இப்போது வருவது வெந்நீர். வெளிக்காற்றில் பட்டதும் அதில் ஒரு பகுதி ஆவியாகிவிடுவதால், பார்வைக்கு இதுவும் வெண்புகையாகவே தோன்றும். பழகிய பணியாளர் ஓசையைக் கொண்டே வேறுபாட்டை அறிவார். நீராவியின் ஒலி கூர்மையானது, நீரின் ஒலி கனத்தது. வடிகாலை மூடியதும் நீர் கண்ணாடியின் உச்சி வரை ஏறும். நீராவி வால்வைத் திறந்தவுடன் அது சட்டென இறங்கிச் சரியான மட்டத்துக்கு வர வேண்டும். உச்சியிலேயே தங்கிவிட்டால் நீராவி வழியில் தடை உள்ளது.

சோதனை முடிந்த பின் வால்வுகள் சரியான நிலைக்குத் திரும்பிவிட்டனவா என்று பார்ப்பது இன்றியமையாதது. பழைய வகைக் காக்குகள் பலவற்றில், மூன்று கைப்பிடிகளும் கீழ்நோக்கித் தொங்குவதே இயங்கும் நிலை. சாதாரணக் குழாய்களில் பழகிய கைக்கு இது முரணாகத் தோன்றும். அதிர்வினால் கைப்பிடி தானாகக் கீழே விழுந்தாலும் கண்ணாடி அடைபட்டுவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் இதை அறியாமல் திருப்பி வைத்துவிடுவது உண்டு.

ஊதிச் சோதிக்காத இடைநேரத்திலும் ஓர் அடையாளம் உதவும். இயங்கும் கொதிகலனில் நீர் ஓயாமல் கொந்தளிப்பதால், நல்ல நிலையில் உள்ள கண்ணாடியில் மட்டம் சிறிதளவேனும் அசைந்துகொண்டே இருக்கும். அசைவற்று நிற்கும் மட்டம் கண்ணுக்கு அமைதியாகத் தோன்றினும் ஐயத்துக்குரியது. இரண்டு கண்ணாடிகளும் வெவ்வேறு மட்டங்களைக் காட்டினால், ஊதிச் சோதித்து உண்மை தெரியும் வரையில் குறைவாகக் காட்டுவதையே நம்பிச் செயல்பட வேண்டும்.

நீர் கண்ணில் படாதபோது

வெறுமையான கண்ணாடிக் குழாயும் முழுதும் நீர் நிறைந்த குழாயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் மட்டக்கோடு தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் சாய்ந்த கோடுகள் தீட்டிய தகடு வைக்கப்படுவது இதற்காகவே. குழாயில் நீர் இருந்தால் அது வில்லைபோல் செயல்பட்டுக் கோடுகளை எதிர்ப்புறம் சாய்ந்தனவாகக் காட்டும். நீராவி மட்டும் இருந்தால் கோடுகள் உள்ளபடியே தெரியும். தகடு இல்லாத இடத்தில் ஒரு பென்சிலைச் சாய்த்துப் பிடித்தே இதைக் கண்டுகொள்ளலாம்.

ரிப்ளெக்ஸ் எனப்படும் தட்டைக் கண்ணாடியில் இச்சிக்கல் குறைவு. அதன் உட்புறத்தில் நெடுகப் பட்டக வடிவப் பள்ளங்கள் உள்ளன. நீராவி உள்ள பகுதியில் ஒளி முழுமையாகத் திரும்பி வருவதால் அது வெள்ளிபோல் மின்னும். நீர் உள்ள பகுதியில் ஒளி உள்ளே சென்றுவிடுவதால் கறுத்துத் தெரியும். இன்று புதிய தொழிற்சாலைக் கொதிகலன்களில் இவ்வகையே பெரிதும் காணப்படுகிறது.

கண்ணாடி உண்மையிலேயே வெறுமையாகிவிட்டது என உறுதியானால், உடனே பம்பை ஓட்டி நீர் ஏற்றத் தோன்றுவது மனித இயல்பு. அதுவே செய்யக்கூடாத செயல். உலைக்குழாய் ஏற்கெனவே பழுக்கச் சூடேறியிருந்தால், அதன்மீது விழும் நீர் எஃகைத் திடீரெனச் சுருக்கி விரிசலை உண்டாக்கும். நொடியில் ஆவியாகி அழுத்தத்தையும் உயர்த்தும். தீயைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். எண்ணெய் அல்லது வாயு எரிப்பானாயின் ஒரு விசையைத் தட்டினால் போதும். உமியோ விறகோ கரியோ எரியும் உலையில் அது அவ்வளவு எளிதன்று. எரிபொருள் இடுவதையும் காற்றோட்டத்தையும் நிறுத்தித் தீயை அடக்க வேண்டும். பிறகு கொதிகலனைத் தானாகவே ஆறவிட்டு, பொறுப்பாளரின் பரிசோதனைக்குப் பின்னரே மீண்டும் இயக்கலாம். ஒரு நாள் உற்பத்தி வீணாகும். அந்த இழப்பை ஏற்கும் அதிகாரத்தைப் பணியாளருக்கு நிர்வாகம் முன்கூட்டியே, ஐயத்துக்கிடமின்றி, அளித்திருக்க வேண்டும். தீயை அணைத்ததற்காகக் கண்டிக்கப்பட்ட பணியாளர் அடுத்த முறை பம்பைத்தான் நாடுவார்.

குறைந்த நீர்மட்டத்தில் தீயைத் தானாக நிறுத்தும் மிதவைக் கருவியும் மின்முனைக் கருவியும் இப்போது பரவலாக உள்ளன. இவை பெரும் பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் சில அமைப்புகளில் இக்கருவியும் நீர்மட்டக் கண்ணாடியும் ஒரே இணைப்புக் குழாயிலிருந்து பிரிகின்றன. அக்குழாய் அடைபட்டால் இரண்டும் சேர்ந்தே பொய்க்கும். கருவியின் அறையையும் அவ்வப்போது வடித்துவிட்டு, தீ உண்மையிலேயே அணைகிறதா என்று பார்த்தால்தான் அதன்மீது நம்பிக்கை வைக்கலாம்.

தேய்மானமும் மாற்றுதலும்

கண்ணாடி எதனாலும் கரையாத பொருள் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. சூடான, காரத்தன்மை மிகுந்த கொதிகலன் நீருக்கு இது பொருந்தாது. நாளடைவில் அது கண்ணாடியை அரித்து மெலியச் செய்கிறது. மேற்பகுதியில் குளிர்ந்து வழியும் தூய நீரும் இவ்வாறே அரிக்கும். உட்புறம் வெண்மூட்டமாக மங்குவதும் சொரசொரப்பாவதும் இதன் அறிகுறிகள். துணியால் துடைத்துப் போகாத மங்கல் அழுக்கன்று. அக்கண்ணாடியின் ஆயுள் முடிந்தது என்பதற்கான அறிவிப்பு.

வெப்ப மாற்றத்தைத் தாங்கும் போரோசிலிக்கேட் கண்ணாடியே இப்பணிக்கு ஏற்றது. அழுத்தம் மிகுந்த இடங்களில் அதுவும் அரிப்புக்கு ஈடுகொடுக்காது. அங்கு கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய அப்பிரகத் தகடு வைத்து நீர் படாமல் காக்கின்றனர். கோடர்மாவிலும் நெல்லூரிலும் கிடைக்கும் மைக்கா என்ற கனிமம் இதுவே.

கண்ணாடியை மாற்றும் வேலையில் அவசரம் ஆகாது. கழற்றிய கண்ணாடியையும் கேஸ்கட்டையும் மீண்டும் பொருத்துவது சிக்கனம் போல் தோன்றினும் தவறு. ஒருமுறை அழுத்தத்தில் இருந்த கண்ணாடியில் கண்ணுக்குப் புலப்படாத கீறல்கள் இருக்கக்கூடும். குழாய் வகையானால், வெப்பத்தில் நீள்வதற்கு இடம் விட்டுச் சற்றுக் குறைவான நீளத்தில் இருக்க வேண்டும். முனைகள் உலோகத்தைத் தொடக்கூடாது. மேல், கீழ் வால்வுகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லையெனில் கண்ணாடி வளைவு விசைக்கு ஆளாகி, யாரும் தொடாமலேயே ஒரு நாள் உடையும். அடிக்கடி கண்ணாடி உடையும் ஆலையில் கண்ணாடியின் தரத்தைக் குறை கூறுவதற்கு முன் இந்த நேர்க்கோட்டைச் சரிபார்ப்பது நலம்.

தட்டை வகையில் மறைகளை நடுவிலிருந்து தொடங்கி, மாறி மாறி இரு முனைகளை நோக்கி, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரு மறையை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்வது கண்ணாடியை உடைக்கும் வழி. இறுக்க அளவு உற்பத்தியாளரின் குறிப்பேட்டில் இருக்கும்; அதற்கென அளவு காட்டும் ஸ்பானர் உண்டு. அழுத்தத்தில் உள்ள கண்ணாடியின் மறைகளை எக்காரணம் கொண்டும் இறுக்கலாகாது.

புதிய கண்ணாடியைச் சூடேற்றுவதிலும் பொறுமை வேண்டும். வடிகாலைத் திறந்து வைத்து, நீராவி வால்வை மயிரிழையளவு திறந்து, சிறிது நேரம் நீராவி மெல்ல ஓடவிட வேண்டும். கண்ணாடி சூடானபின் வடிகாலை மூடி, நீர் வால்வைச் சிறிது திறந்து, மட்டம் நிலைத்தபின் இரு வால்வுகளையும் முழுதும் திறக்க வேண்டும். முழுதும் என்பதை அழுத்திக் கூற வேண்டியுள்ளது. பல வால்வுகளினுள் ஒரு சிறு எஃகுக் குண்டு உள்ளது. கண்ணாடி உடைந்தால் பாயும் வேகத்தில் அது உருண்டு சென்று துளையை அடைத்துவிடும். வால்வு அரைகுறையாகத் திறந்திருந்தால் அதன் தண்டு குண்டைத் தடுத்து நிறுத்தி, இப்பாதுகாப்பைப் பயனற்றதாக்கிவிடும். சிதறும் கண்ணாடித் துண்டுகளிலிருந்து காக்கும் முன்கவசத்தைத் துடைப்பதற்காகக் கழற்றியவர்கள் திரும்பப் பொருத்தாமல் விடுவதும் அடிக்கடி காணக்கூடிய குறை.

பிற கலன்களில்

குளிர்பதனக் கிடங்கின் அம்மோனியாக் கலனிலும், எண்ணெய்த் தொட்டியிலும், இரசாயன ஆலையின் கலன்களிலும் இதே வகைக் கண்ணாடிகள் உள்ளன. அங்கு உடைந்தால் வெளிப்படுவது நீரன்று. நச்சு வாயுவோ தீப்பற்றும் திரவமோ ஆகும். தானாக மூடும் குண்டு வால்வு அங்கு கட்டாயத் தேவை. எரிசோடாக் கரைசல் கண்ணாடியை விரைவில் அரிக்கும். ஹைட்ரோபுளூரிக் அமிலத்தின் முன் கண்ணாடி நில்லாது. இத்தகைய இடங்களில் கண்ணாடியைத் தவிர்த்து, காந்த மிதவையால் வெளியே மட்டம் காட்டும் கருவிகளைப் பயன்படுத்துவது வழக்கமாகி வருகிறது.

கண்ணாடியைக் கவனியாமல் விட்டதன் பங்கும் சேர்ந்த பெரிய விபத்து ஒன்று 2005-ம் ஆண்டு மார்ச் 23-ம் நாள் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நேர்ந்தது. காய்ச்சி வடிக்கும் கோபுரம் ஒன்றை இயக்கத் தொடங்கியபோது, அதனுள் திரவம் 150 அடிக்கும் மேலே ஏறிவிட்டது. கட்டுப்பாட்டு அறையின் மின்கருவியோ சுமார் 8 அடி என்று காட்டிக்கொண்டிருந்தது. கோபுரத்தின் மட்டக் கண்ணாடியைப் பார்த்துச் சரிபார்க்கவும் வழியில்லை. கரிய படிவு படர்ந்து அது பல ஆண்டுகளாகப் படிக்க இயலாத நிலையில் இருந்தது. நிரம்பி வழிந்த திரவம் தீப்பற்றி வெடித்ததில் 15 பேர் மாண்டனர். 180 பேர் காயமுற்றனர். கண்ணாடி துலக்கமாக இருந்திருப்பினும் அது கோபுரத்தின் முழு உயரத்தையும் காட்டியிராது. ஆயினும் மின்கருவி கூறுவது தவறு என்பதை அது காட்டியிருக்க இயலும்.

ஆய்வுக்குச் செல்லும் அதிகாரி காண வேண்டியவை

தொழிற்சாலைக்குச் செல்லும் அதிகாரி முதலில் பதிவேட்டைக் கேட்பது மரபு. ஒவ்வொரு ஷிப்டிலும் கண்ணாடி ஊதிச் சோதிக்கப்பட்டது என ஒரே மையில், ஒரே கையெழுத்தில், மாதம் முழுவதும் எழுதப்பட்டிருக்கும் பக்கத்தைவிட, ஏதோ ஒரு நாள் நீர் மெதுவாகத் திரும்பியது, வழியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று குறித்த பக்கம் மதிப்பு மிக்கது. கடைசியாகக் கண்ணாடி மாற்றிய தேதி, உதிரிக் கண்ணாடியும் கேஸ்கட்டும் அறையிலேயே உள்ளனவா என்ற விவரம், மென்மையூட்டிய நீரின் சோதனைக் குறிப்பு ஆகியவற்றையும் பார்க்கலாம்.

அதன்பின் பணியாளரைத் தம் முன்னிலையில் ஒருமுறை ஊதிச் சோதித்துக் காட்டச் சொல்ல வேண்டும். இதற்கு இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகாது. கைப்பிடி இல்லாமல் அவர் ஸ்பானரைத் தேடிச் சென்றாலும், வடிகால் குழாயின் வாயில் துரு படிந்து நெடுநாள் நீர் படாத அடையாளம் தெரிந்தாலும், இரண்டாவது கண்ணாடியின் வால்வு அசைய மறுத்தாலும் பதிவேட்டின் உண்மை தெரிந்துவிடும். வால்வுகள் விரலுக்கு இணங்கித் திரும்பி, நீராவியும் நீரும் முறையே சீறி வந்து, வடிகாலை மூடியவுடன் நீர் துள்ளியெழுந்து இரண்டு கண்ணாடிகளிலும் ஒரே மட்டத்தில் இலேசாக அசைந்து நின்றால், அந்த ஷிப்டில் அக்கொதிகலனை இயக்கலாம்.